நாரி நோகிறதா, கதிரை இறங்கிப்போகிறதா: ஒபிஸ் கதிரையின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

"நாரி நோகுது, கதிரையை மாத்தவேணும்." கொழும்பில் கதிரை வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். புதிதை வாங்கி மூன்று கிழமை போனதும் அதே நாரி அதே இடத்தில் திரும்பவும் நோகும். ஏனென்றால் பிழை பல வேளைகளில் கதிரையில் இல்லை, மேசையில் இருக்கிறது. கதிரையில்தான் என்றாலும், அது ஒரு கைப்பிடியைத் திருகினாலோ ஒரு உதிரிப்பாகத்தை மாற்றினாலோ தீரக்கூடியதாக இருக்கும். கீழே அறிகுறி, அதன் காரணம், செய்யவேண்டியது என்ற ஒழுங்கில் தந்திருக்கிறோம். எல்லாவற்றையும் செய்து பார்த்தும் சரிவராவிட்டால் புதிது வாங்கலாம். அப்போது எதைப் பார்த்து வாங்குவது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கையில் ஒரு அளவு நாடா, 4, 5, 6 மி.மீ. அலன் கீகள், ஒரு பிலிப்ஸ் திருப்புளி இருந்தால் பாதி வேலை முடிந்தது. சிலிண்டர் (இருக்கையை உயர்த்தி இறக்கும், வாயு அடைத்த தண்டு) மாற்றுவதானால் மட்டும் சுத்தியலும் பைப் ரெஞ்சும் தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் முதல்: மேசை எவ்வளவு உயரம்?

வழக்கமாகக் கிடைக்கும் எழுதுமேசை 29 முதல் 30 அங்குலம், அதாவது 74 முதல் 76 செ.மீ. உயரம். மடிக்கணினியும் சுட்டியும் வருமுன்னரே, குனிந்து பேனையால் எழுதுவதற்கென்று வந்த அளவு அது. இப்போது உங்களை அளவுங்கள். கதிரையில் இருந்து, பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க, மேற்கையைத் தொங்கவிட்டு முழங்கையைச் செங்கோணமாக மடியுங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை எவ்வளவு? விசைப்பலகை இருக்கவேண்டிய உயரம் அதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 5 அடி 2 அங்குலம் உயரமான ஒருவருக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஏறத்தாழ 40 செ.மீ., இருக்கையிலிருந்து முழங்கை வரை ஏறத்தாழ 23 செ.மீ. கூட்டினால் 63. மேசையோ 76. இடையில் 13 செ.மீ. அந்த 13 செ.மீ.யை அவர் தோளைத் தூக்கிச் சமாளிப்பார், இல்லாவிட்டால் கதிரையை உயர்த்திக் காலைத் தொங்கவிடுவார். முதலாவது வழியில் பிடரி நோகும், இரண்டாவது வழியில் தொடை விறைக்கும். எந்த விலைக் கதிரையை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

தீர்வு மூன்று. கதிரையை 53 செ.மீ.க்கு உயர்த்திக் காலுக்கு 13 செ.மீ. உயரப் பலகை வைப்பது ஒன்று. மேசைக்கு அடியில் விசைப்பலகைத் தட்டுப் பூட்டுவது மற்றொன்று, ஆனால் நடுவில் லாச்சி உள்ள மேசைக்கு அது சரிவராது, தொடை இடிக்கும். மேசைக்கு மரக்கால் என்றால் மூன்றாவது வழியே திறம்: நான்கு காலிலும் 2 அங்குலம் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கால்பலகையால் ஈடுசெய்வது. மரவேலைக்காரருக்கு அது அரை மணி நேர வேலை.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒபிசில் சப்பாத்தோடு சரியாக இருந்த உயரம், வீட்டில் வெறுங்காலோடு 2 முதல் 3 செ.மீ. கூடிவிடும்.

நாரி நோகிறது

முதலில் இருக்கையின் ஆழம். முதுகு சாய்வில் முட்டும்வரை பின்னால் தள்ளி இருந்து, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போகிறதா பாருங்கள். ஒரு விரலும் போகாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழம் கூட. அப்படிப்பட்ட கதிரையில் மனிதன் தானாகவே முன்னுக்கு நகர்ந்து இருப்பான். முதுகுக்குப் பின்னால் வெறும் வெளி, சாய்வு இருந்தும் இல்லாத மாதிரி. உயரமான முதுகோடு பளபளக்கும் "மனேஜர் கதிரை"களில் இந்தக் குறை மிக அதிகம். அவற்றின் இருக்கை பெரிய உடம்புக்கு அளவானது. இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி இருந்தால் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரு குளியல் துவாயை இறுக்கிச் சுருட்டி, இரண்டு பக்கமும் நூலால் கட்டி, முதுகுக்குப் பின்னால் வையுங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். இடுப்புப்பட்டி கட்டும் இடத்துக்குச் சற்று மேலே. அதற்குக் கீழே வைத்தால் இடுப்பு முன்னுக்குத் தள்ளப்படும், மேலே வைத்தால் விலா எலும்பில் குத்தும். கதிரையோடு வரும் நாரித் தாங்கிக்கும் இதே விதிதான். பல கதிரைகளில் முதுகுச் சட்டத்தையே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினால் "டக், டக்" என்று படிபடியாக உயரும், உச்சிக்குப் போனபின் கடைசிவரை கீழே விழுந்து திரும்பத் தொடங்கும். அப்படியொரு வசதி இருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் அதில் இருப்பவர்கள் உண்டு.

அடுத்தது சாய்வின் பூட்டு. முதுகை 90 பாகையில் பூட்டிவைத்து நிமிர்ந்து இருப்பதுதான் நல்லது என்ற நம்பிக்கை பிழை. பூட்டைத் திறந்து 100 முதல் 110 பாகை வரை சாய விடுங்கள். முள்ளந்தண்டில் விழும் சுமையில் ஒரு பகுதியைச் சாய்வு வாங்கிக்கொள்ளும். இருக்கைக்குக் கீழே முன்பக்கத்தில் பெரிய உருண்டைத் திருகு ஒன்று இருக்கும், ஸ்பிரிங்கின் இறுக்கம் அதில்தான். பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். சாய்ந்தால் முதுகோடு கூடவே வரவேண்டும், நிமிர்ந்தால் பின்னால் இருந்து தள்ளக்கூடாது: அதுதான் உங்கள் எடைக்குச் சரியான இறுக்கம். திருகு கெட்டியாக இருந்தால் எழும்பி நின்று திருகுங்கள், பாரம் இல்லாதபோது இலகு.

சாயும்போது இருக்கையும் முதுகும் ஒரே துண்டாகச் சாய்ந்து குதிக்கால் தரையை விட்டு எழும்பினால், அது சாதாரண மெக்கானிசம் (இருக்கைக்குக் கீழே உள்ள சாய்வுப் பொறி). "சிங்க்ரோ" என்பதில் முதுகு 2 பங்கு சாய, இருக்கை 1 பங்குதான் சாயும், கால் தரையிலேயே நிற்கும். கூடுதல் பணம் கொடுப்பதானால் தலைதாங்கிக்குக் கொடுப்பதை விட இதற்குக் கொடுப்பது புத்தி.

நோ காலுக்குள் மின்சாரம் போல இறங்கினாலோ, காலில் பலம் குறைந்தாலோ கதிரையோடு மினக்கெட வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே போகவேண்டும்.

தொடை விறைக்கிறது, பாதம் மரத்துப்போகிறது

இருக்கை உயரம் கூட. முன்விளிம்புக்கும் தொடைக்கும் இடையில் உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். நெருக்கித்தான் நுழைகிறது என்றால் இறக்குங்கள். கடைசிவரை இறக்கியும் போதாதென்றால் அளந்து பாருங்கள்: ஆகக் கீழான உயரமே 45 செ.மீ. வரும் கதிரைகள் ஏராளம், குள்ளமானவர்களுக்கு அது ஒத்துவராது. கால்பலகை வைக்கலாம், அல்லது நீளம் குறைந்த சிலிண்டர் போடலாம்.

பிடரியும் தோளும் பிடிக்கிறது

மேலே சொன்ன மேசைக் கணக்குத்தான் முதல் சந்தேகம். அது சரியென்றால் கைதாங்கியைப் பாருங்கள். அது மேசை விளிம்பில் முட்டிக் கதிரையைக் கிட்ட விடாவிட்டால், நாள் முழுதும் கையை நீட்டியே வேலை செய்யவேண்டி வரும். இறக்க முடியாத கைதாங்கி என்றால் கழற்றி எறியுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஆணிதான். கைதாங்கி இல்லாத கதிரை பிழையான கைதாங்கியுள்ள கதிரையை விட மேல். (முதுகையும் இருக்கையையும் கைதாங்கிதான் இணைக்கிறது என்றால் கழற்றவேண்டாம், முதுகு கையோடு வந்துவிடும்.)

மடிக்கணினியை அப்படியே மேசையில் வைத்து வேலை செய்தால் எந்தக் கதிரையும் பிடரியைக் காப்பாற்றாது. நாலைந்து தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றிவிட்டு, தனி விசைப்பலகை ஒன்று வாங்குங்கள்.

இருந்து அரை மணியில் பின்புறம் நோகிறது

மெத்தை அமர்ந்துவிட்டது. இருக்கையின் நடுவில் முழங்காலை ஊன்றிப் பாரத்தைப் போடுங்கள். பலகை தட்டுப்பட்டால் அந்த ஃபோம் முடிந்தது. இங்கே பலரும் செய்வது, மேலே ஒரு குஷன் போடுவது. குஷன் 5 செ.மீ. என்றால் நீங்கள் ஏறத்தாழ அவ்வளவு உயர்வீர்கள், ஆனால் கைதாங்கியும் நாரித் தாங்கியும் இருந்த இடத்திலேயே இருக்கும். பின்புறம் ஆறும், நாரி தொடங்கும். குஷன் போட்டால் கதிரையை அதேயளவு இறக்கி, முதுகுத் தாங்கியை அதேயளவு ஏற்றவேண்டும்.

முறையான வழி ஃபோமையே மாற்றுவது. முச்சக்கரவண்டி, வான் சீற் தைக்கும் குஷன் வேலைக் கடைகள் இதைச் செய்யும். இருக்கையின் அடியில் உள்ள நான்கு ஆணியைக் கழற்றி இருக்கையை மட்டும் கொண்டுபோனால் போதும், முழுக் கதிரையையும் முச்சக்கரவண்டியில் ஏற்றத் தேவையில்லை. அடர்த்தி கூடிய ஃபோமைக் கேளுங்கள். கையால் அமுக்கும்போது மெத்தென்று இருப்பது ஆறு மாதத்தில் அமர்ந்துவிடும்.

இருக்க இருக்கக் கதிரை கீழே இறங்குகிறது

அதிகம் வரும் முறைப்பாடு இது. உடனே சிலிண்டரைக் குறைசொல்லாமல் உயரம் மாற்றும் லீவரைப் பாருங்கள். லீவர் வளைந்தோ இறுகியோ சிலிண்டரின் உச்சியிலுள்ள பொத்தானைச் சற்று அமுக்கியபடி நின்றாலும் இப்படித்தான் இறங்கும். லீவரைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள், கொஞ்சம் தளர்ச்சி இருக்கவேண்டும். தளர்ச்சி இல்லையென்றால் லீவரை நேராக்கினால் தீர்ந்தது.

லீவர் சரியென்றால் சோதனை: உச்சிவரை உயர்த்தி, தரையிலிருந்து இருக்கை விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் இருந்துவிட்டு எழும்பி மறுபடி அளவுங்கள். 1 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் உள்ளேயுள்ள சீல் தேய்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த நைதரசன். அதைத் திறந்து நிரப்ப வழியில்லை, முழுச் சிலிண்டரையும் மாற்றவேண்டும். அதில் துளையிடவோ, வெல்டிங் பிடிக்கவோ, நெருப்பில் காட்டவோ கூடாது, வெடிக்கும். பழைய இரும்புக்குக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

சிலிண்டரில் புரி கிடையாது, பசையும் கிடையாது. இரண்டு முனையும் கூம்பாக ஒடுங்கியிருக்கும், உங்கள் எடையே அதை இறுக்குகிறது. வெல்லவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரையோரம் உள்ள வீடுகளில் உப்புக்காற்றால் அந்தக் கூம்பு கறள் கட்டி ஒன்றாகிவிடும். ஆகவே முதல்நாள் இரவே கறள் இளக்கும் எண்ணெயை, டபிள்யூடி-40 போன்றதை, இரண்டு மூட்டிலும் அடித்துவிடுங்கள்.

கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஐந்து கால் அடித்தளம் மேலே இருக்கும், அதன் நடுத்துளையில் சிலிண்டரின் அடிமுனை தெரியும். ஒருவர் அடித்தளத்தை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கியபடி நிற்க, மற்றவர் ஒரு இரும்புத் துண்டைச் சிலிண்டரின் வெளியுறையின் வட்ட விளிம்பில் வைத்து அடிக்கவேண்டும். நடுவில் தெரியும் கிளிப்பிலும் ஊசியிலும் அடிக்கக்கூடாது. இடம் மாற்றி மாற்றி அடித்தால் ஒரு கட்டத்தில் சத்தம் மாறும், "டங்" என்றிருந்தது "தொம்" என்று வரும். அப்போது கழன்றுவிட்டது. கிளிப்பை முதலில் கழற்றாதீர்கள். கழற்றினால் உள்தண்டு மட்டும் உருவிக்கொண்டு வரும், கறள் பிடித்த உறை அடித்தளத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

பிறகு மெக்கானிசத்தோடு சேரும் மெல்லிய குழாயைப் பைப் ரெஞ்சால் கௌவித் திருகுங்கள். தடித்த வெளியுறையைத் திருகிப் பயனில்லை, அது சும்மா சுற்றும்.

கடைக்குப் பழைய சிலிண்டரையே கொண்டுபோங்கள். பெரும்பாலானவற்றுக்கு மேல்முனை 28 மி.மீ., கீழ்முனை 50 மி.மீ., ஆனால் நீளம் கதிரைக்குக் கதிரை மாறும். வெளியுறையின் நீளம், முழுதாக உயர்ந்தபின் மொத்த நீளம் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். நீளம் தப்பினால் முன்னே சொன்ன தொடை விறைப்பு வந்துசேரும். கிளாஸ் 3, கிளாஸ் 4 என்று தரம் உண்டு, பாரமானவர்கள் 4 கேட்கவேண்டும். பூட்டும்போது கூம்பைத் துடைத்துக் காயவைத்து அப்படியே நுழையுங்கள், எண்ணெயோ கிறீசோ பூசக்கூடாது. பூசினால் பிடிக்காமல் இருக்கை தனியாகக் கழன்று வரும். பின் இரண்டு மூன்று தரம் கொஞ்சம் அழுத்தி இருந்தால் தானே இறுகும்.

சிலிண்டர் கிடைக்கும்வரை சமாளிக்க: 28 மி.மீ. குழாயின் மேல் ஏறக்கூடிய பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, தேவையான உயரத்துக்கு வெட்டி, மெல்லிய தண்டைச் சுற்றி மாட்டுங்கள். கதிரை அதற்குக் கீழே இறங்காது. உயரம் மாற்ற முடியாது, அவ்வளவுதான் குறை.

ஒரு பக்கம் சரிகிறது

கதிரையை உள்ள இடத்திலேயே வைத்து, அடித்தளத்தை அசையவிடாமல் இருக்கையை மட்டும் அரைவட்டம் திருப்புங்கள். சரிவு இருக்கையோடு சேர்ந்து மறுபக்கம் போனால் கோளாறு மேலே: அமர்ந்த ஃபோம், வெடித்த இருக்கைப் பலகை, வளைந்த மெக்கானிசத் தகடு, வளைந்த தண்டு இவற்றில் ஒன்று. சரிவு இருந்த திசையிலேயே நின்றால் கோளாறு கீழே: சில்லு, அடித்தளம், அல்லது தரை. பழைய வீடுகளின் தரை பல்கனிப் பக்கம் தண்ணீர் ஓடச் சரித்துப் போடப்பட்டிருக்கும். கதிரையை வேறு இடத்துக்கு நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நைலோன் அடித்தளம் என்றால் ஒவ்வொரு காலும் நடுவோடு சேரும் இடத்திலும், சில்லு நுழையும் துளையைச் சுற்றியும் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். முடிபோன்ற வெடிப்பு தட்டுப்பட்டால் அதில் இருக்கவேண்டாம். எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது. அடித்தளம் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

கிறீச்சிடுகிறது, ஆடுகிறது

பத்தில் எட்டு ஆணித் தளர்ச்சி. இருக்கையையும் மெக்கானிசத்தையும் பிடிக்கும் நான்கையும் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள், ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ஆணி முடிவில்லாமல் சுற்றினால் பலகைக்குள் உள்ள பல்லுள்ள நட்டு கழன்றிருக்கிறது. துணியைக் கிளப்பி அந்த நட்டை மாற்றவேண்டும். ஆணியைத் தடிப்பாக்கி ஏற்றுவது பலகையைப் பிளக்கும்.

சத்தம் ஸ்பிரிங்கிலிருந்து வந்தால் லிதியம் கிறீஸ். டபிள்யூடி-40 அடித்தால் அன்றைக்குச் சத்தம் நிற்கும், இருந்த கிறீசும் கழுவப்பட்டு அடுத்த மாதம் கூடச் சத்தம் வரும்.

டைல்ஸில் வழுக்கி ஓடுகிறது, அல்லது ஓடவே மாட்டேன் என்கிறது

வழுக்கினால் சில்லு பிழை. கெட்டி நைலோன் சில்லு கார்ப்பெட்டுக்கு உரியது. டைல்ஸ், சீமெந்துத் தரைக்கு ஓரத்தில் மென்மையான ரப்பர் போன்ற வளையமுள்ள சில்லு வேண்டும். பெரும்பாலான கதிரைகளில் சில்லின் தண்டு 11 மி.மீ., சிலவற்றில் 10. கையால் இழுத்தால் கழன்று வரும். வராவிட்டால் தட்டையான திருப்புளியால் நெம்புங்கள். ஓடாவிட்டால் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும், கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.

உறை செதில் செதிலாக உரிகிறது

தோல்போல் இருக்கும் பியூ உறைக்குக் கொழும்பின் புழுக்கம் விஷம். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொலியூரதேன் பூச்சின் பிணைப்பையே உடைக்கிறது. பாவிக்காமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தாலும் உரியும். தலையெண்ணெயும் வியர்வையும் படும் இடங்கள் முதலில் போகும், சனிற்றைசரால் துடைப்பது இன்னும் விரைவாக்கும். ஒட்டவைக்க முடியாது. குஷன் கடையில் துணி அல்லது ரெக்சின் போடலாம். ரெக்சின் உரியாது, ஆனால் முதுகு ஒட்டும். குளிரூட்டி இல்லாத அறைக்கு முதுகுப்பக்கம் வலையும் இருக்கை துணியுமாக உள்ள கதிரைதான் எங்கள் தெரிவு. கேமிங் கதிரை என்று வருவது பெரும்பாலும் இதே பியூ உறைதான், போதாததற்கு இரண்டு பக்கச் சிறகும் தொடையை நெருக்கும். காரோட்டப் போவதில்லையே!

மாற்றத்தான் வேண்டுமென்றால்

கடைக்குப் போகும்போது மேசை உயரத்தை எழுதி எடுத்துப் போங்கள், அளவு நாடாவும் கூட. வழக்கமாகப் போடும் செருப்போடு போங்கள். புதிதோ, மூடிய ஒபிசிலிருந்து வந்த பாவித்ததோ, சோதனை ஒன்றுதான்: ஆகக் கீழே இறக்கி அளப்பது, இரண்டு விரல் சோதனை, சாய்ந்து குதிக்கால் எழும்புகிறதா என்பது, கைதாங்கி மேசைக்குக் கீழே போகுமா என்பது. பிறகு குறைந்தது 10 நிமிடம் அதிலேயே இருங்கள். முதல் நிமிடத்தில் எல்லாக் கதிரையும் சொகுசுதான்.

பாவித்தது என்றால் கவிழ்த்துப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம். நல்ல கதிரையின் பழையது மலிவான புதிதை விடப் பல வேளைகளில் திறம், ஆனால் மெக்கானிசத் தகட்டில் கறள் பொருக்கு விட்டிருந்தால் விட்டுவிடுங்கள். புதிது என்றால் உத்தரவாதம் எதற்கு என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். சிலிண்டருக்கும் மெக்கானிசத்துக்கும் தருவார்கள், உறைக்கும் ஃபோமுக்கும் பெரும்பாலும் தரமாட்டார்கள். அதே அளவுச் சிலிண்டரும் சில்லும் தனியாகக் கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள்.